ஊக்குகளைக் கழற்றிய பின்

காந்தத்தை அடுத்த அறை பீரோவில் வைத்துவிட்டு வந்த பிறகும் மீட்டரின் முள் அசைந்தது. ஷ்யாமளா பேனாவைக் கீழே வைத்தாள்.

செம்பூரின் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. படிகத் தகட்டின் மேல், மூச்சுப் பட்டாலே கலைந்துவிடுமோ என்றிருக்கும் நிக்கல் படலம். காந்தம் நெருங்கினால் படலம் தன்னை ஒடுக்கிக்கொள்ளும், ஸ்ட்ரெய்ன் என்கிற அந்த இறுக்கம் படிகத்துக்குள் இறங்கி மின்சாரமாகச் சுரக்கும், முள் எழும். ஒட்டிக் கிடக்கிற இரண்டில் ஒன்று சுருங்கினால் மற்றது காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைத்துக்கொள்வாள்.

"ஸ்ட்ரெய்ன் பண்ணிக்காதேடிம்மா" என்று காலையில் மாட்டுங்கா வீட்டில் மாமியார் சொன்னபோது சிரிப்பு வந்தது. நாள் முழுக்க அவள் அளப்பதே அதைத்தானே. ரயிலேறிய பிறகுதான் உறைத்தது, எழுந்ததிலிருந்து வயிற்றுக்குள் ஓர் உதைகூட இல்லை. எட்டாம் மாதம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும்.

"லோக்கல் போறது, ஷ்யாமளா. அந்தக் கரண்டுக்கு ஆடறது" என்றார் எதிர் மேஜை ஜகந்நாதன்.

"மழையிலே மத்தியானத்திலேருந்து டிரெயினே ஓடலையே சார்."

"அப்போ உன் ஊக்குதான். தாலிக்கொடியிலே ஒரு இரும்புக்கடையே வெச்சிருக்கியே!"

உண்மைதான். காத்து கருப்பு அண்டக்கூடாதென்று சீமந்தத்தன்று மாமியார் கோத்துவிட்டவை. பிரசவம்வரை கழற்றக்கூடாது. தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அவற்றை வராந்தாவின் கோடிக்குக் கொண்டுபோனார். கையில் இருந்தவை கண்ணாடி வளையல்கள். அவளிடம் இனி இரும்பே இல்லை.

முள் எழுந்தது. முன்னைவிட உயரமாக.

பின்வாங்கினாள், படுத்தது. நெருங்கினாள், உள்ளிருந்து ஒரு குதிகால் உந்துவதுபோல் மெல்ல எழுந்து, நின்று, சரிந்தது. வயிற்றில் கை வைத்தாள். விரல்களுக்குக் கீழே ஒன்றுமில்லை.

திரும்பி வந்தவரிடம், "காலையிலேருந்து அசையலை சார்" என்றாள்.

அவர் மீட்டரைப் பார்த்தார். "அசையறதேம்மா."

பிறகு அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தார். "ஐயோ, முதல்லேயே சொல்லப்படாதா! இரு, ஜீப்பைக் கொண்டுவரச் சொல்றேன். டாக்டர்ட்ட போயிடலாம்" என்று ஓடினார்.

போகத்தான் வேண்டும். ஆனால் விலகினால் இங்கேயும் நின்றுவிடுமே. கீழே, மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவள் ஒரு காலை வாசல் பக்கம் எடுத்து வைத்தாள். முள் எழுந்தது. இந்த முறை, அவள் விலகியும், சரியவில்லை. அவள் பக்கமே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.