வெள்ளி விழா விசில்

உலகத்தில் நீதி என்று ஒன்று மிச்சமிருக்குமானால், அது கால்பந்து மைதானத்தின் நடுவட்டத்தில் கறுப்புச் சட்டை அணிந்து, வாயில் விசிலோடு நின்றுகொண்டிருக்கிறது. ஊர், உறவு, செல்வம், செல்வாக்கு எதுவும் அந்த வட்டத்துக்குள் கால் வைக்க முடியாது.

இப்படி எழுதியவர் கோமதிநாயகம், சங்கரன்கோவில் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். எழுதிய இடம், 1978ஆம் ஆண்டு வெள்ளி விழா மலரின் மூன்றாம் பக்கம். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் கோப்பு எழுதி ஓய்வுபெற்ற கை அது; எதை எழுதினாலும் உத்தரவு மாதிரி விழும். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தது கிடையாது. சாமியானாவுக்குள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விருந்தினர்களைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். எந்த ஆபீசருக்குச் சோடா வரவில்லை என்று கவனிக்க வேண்டுமே. கூட்டம் கத்தினால் கோல் என்று வைத்துக்கொண்டு கைதட்டுவார். ஒருமுறை நாய் ஒன்று பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியதற்கும் தட்டியிருக்கிறார்.

கோப்பை, ஜின்னிங் ஆலை முதலாளி அம்பலவாணன் தம் தகப்பனார் நினைவாக வைத்தது. ஆடித் தவசு முடிந்து, சப்பரம் பார்க்க வந்த கூட்டம் ஊர் திரும்பிய மறுவாரம் ஆட்டங்கள் தொடங்கும். காற்றுக் காலம். பந்தைவிடப் புழுதிதான் அதிகம் ஓடும். எட்டு ஊர் அணிகள், ஐந்து நடுவர்கள். இறுதிப் போட்டிக்கு எந்த நடுவர் என்பதைத் தீர்மானிக்கக் கழகம் ஒரு முறை வைத்திருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நடுவருக்கு மார்க் போடுவார்கள். விதி அறிவுக்கு முப்பது, ஓட்டத்துக்கு முப்பது, சைகைக்கு இருபது, தோற்றத்துக்கு இருபது. அச்சடித்த அட்டை, கீழே மூன்று கையெழுத்து. நெல்லைச் சீமையில் வேறு எந்தக் கழகத்திலும் இப்படியொரு முறை கிடையாது என்று கோமதிநாயகம் மலரில் எழுதியிருந்தார். அது உண்மைதான்.

அந்த வருடம் தங்கப்பழம் தொண்ணூற்றொரு மார்க் வாங்கியிருந்தார். அடுத்து வந்த சங்கரராமனுக்கு அறுபத்து நான்கு.

தங்கப்பழம், குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். மெட்ராஸுக்குப் போய் நடுவர் பரீட்சை எழுதித் தேறியவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். தேறிய அன்று மூர்மார்க்கெட்டில் வாங்கிய பித்தளை விசிலை இத்தனை வருடமும் மாற்றவில்லை. அதற்குள் ஒரு தக்கைக் குண்டு. அது உருண்டால்தான் சத்தம். ஈரம் பட்டால் ஊறி ஒட்டிக்கொள்ளும். பிறகு வெயிலில் காயவைத்தால் ஒழிய விசில் ஊமைதான். அதனால் ஆட்டம் முடிந்ததும் உதறி, துணித் திரியால் துடைத்து, பல்பொடி டப்பாவில் போட்டு மூடுவார். மழைத் தூற்றல் விழுந்தால் முதலில் அக்குளுக்குள் போவது விசில். தலையைப் பற்றி அப்புறம்தான் யோசிப்பார்.

பதினாறு வருடமாக முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் மற்ற நடுவர்கள் ஒதுக்கிய ஆட்டங்களுக்கெல்லாம் அவர்தான் ஊதினார். உச்சி வெயிலில், ஐஸ் விற்கிறவனும் நாலு ஆடும் மட்டுமே பார்க்கிற ஆட்டங்கள். இறுதிப் போட்டி அன்று மட்டும் கையில் ஒரு கொடியைக் கொடுத்து ஓரக் கோட்டில் நிறுத்திவிடுவார்கள். ஐம்பது முடிந்தவர் ஊதக் கூடாது என்பது கழக விதி. வருகிற தை மாதம் அவருக்கு ஐம்பது முடிகிறது.

"இந்த வருசமாவது நடுவுல நிப்பியளா?" என்று கேட்டாள் அவர் மனைவி பூமாரி. கறுப்புச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தொண்ணு வந்திருக்கு. மத்தவங்க பக்கத்துலயே இல்ல."

"அப்பம் நானும் வாரேன் பாக்க. பதினாறு வருசமா சட்டையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

நடுவர் தேர்வுக் கூட்டம் ஜின்னிங் ஆலை அலுவலகத்தில் நடந்தது. அம்பலவாணன், கோமதிநாயகம், மூன்றாவதாகச் சைக்கிள் கடை பாதுஷா. பாதுஷா ஒரு காலத்தில் சென்டர் பார்வர்டு ஆடி முழங்காலைப் பறிகொடுத்தவர். குழுவில் பந்தைக் காலால் தொட்டவர் அவர் மட்டுமே. தங்கப்பழத்தையும் வரச்சொல்லியிருந்தார்கள். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. வாசித்துப் பொருள் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை.

சுவரில் இருபத்து நான்கு போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி. இறுதிப் போட்டி முடிந்த ராத்திரி, அந்த வருடத்து நடுவர் அம்பலவாணன் வீட்டு உள்கூடத்தில் தலைவாழை இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அம்பலவாணனின் தாயார் காந்திமதியம்மாள் குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பாள். முதல் போட்டோவில் அவளுக்குத் தலைமுடி கறுப்பு. நடுவர்களின் முகம் மாறிக்கொண்டே வந்தது. இலை மாறவில்லை.

"மார்க்குல நீருதான் முதல்ல, வாத்தியாரே. அதுல பேச்சே கிடையாது" என்று ஆரம்பித்தார் கோமதிநாயகம். "இருந்தாலும் வெள்ளி விழா பாரும். நாளைக்கு ஒருத்தன் விரலை நீட்டிரப்புடாது. புஸ்தகத்துல ரெஃப்ரிக்கு என்னென்ன இருக்கணும்னு போட்டிருக்கு? வாசியும்."

தங்கப்பழம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"கண்ணாடி போட்டவரு ஊதலாம்னு இருக்கா?"

"இது எழுத்து வாசிக்கப் போடுதது அண்ணாச்சி. பந்துல எழுத்து கிடையாதுலா."

பாதுஷா சிரித்தார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"சரி, உயரம்?"

"உயரம் பத்தி ஒண்ணுமில்ல."

"எடை?"

"அதுவும் இல்ல."

"நல்லா பாரும். பின்னாடி அட்டைப் பக்கத்துல எதும் இருக்கும்."

தங்கப்பழம் அட்டையையும் திருப்பிப் பார்த்தார். பொறுப்பாகத்தான் பார்த்தார், கேட்டதைத் தேடிக் கொடுத்தே பழகியவர். எதைத் தேடச் சொல்கிறார்கள் என்பது, மறுபடி முதலிலிருந்து புரட்டிப் பதினோராம் பக்கத்துக்கு வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தன் பெயரை அறுக்க ஒரு கத்தி வேண்டும் என்கிறார்கள்; அதைத் தன் பெட்டியிலேயே அவர் துழாவிக்கொண்டிருக்கிறார். விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

கோமதிநாயகமே வழி கண்டுபிடித்தார். "பைனலுக்கு வந்திருக்க ராஜபாளையம் டீம்ல ஒம்மகிட்ட படிச்ச பய ஒருத்தன் ஆடுதான்லா?"

"ஆறாங்கிளாஸ்ல ஒரு வருசம் டிரில் எடுத்தேன். இப்பம் அவனுக்கே ரெண்டு பிள்ளை."

"இருக்கட்டும் வே. குரு சிஷ்யன்னு வந்துருதுலா. நடுநிலைன்னு ஒண்ணு இருக்கே."

"அப்பம் சங்கரராமன்?" என்றார் பாதுஷா. "எதுத்து ஆடுத தூத்துக்குடி டீம் கோலி அவரு தங்கச்சி மவன்லா?"

"கோலிதானே பாதுஷா. நின்ன இடத்துல நிக்கப் போறவன். அவனால என்ன பட்சபாதம் வந்துரும்?"

சங்கரராமன் ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க். கோயிலில் பரம்பரையாக மண்டகப்படி உள்ள குடும்பம். கல்லூரியில் படித்தபோது பந்து ஆடியதாகச் சொல்வார். அந்த வருடம் ஊதிய ஒரே ஆட்டத்தில், பாதிக்கு மேல் ஓட முடியாமல் நடுவட்டத்திலேயே நின்று, பந்து எங்கே போகிறது என்று பக்கத்தில் ஓடியவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். தோற்றத்துக்கு அவருக்கு இருபதுக்கு இருபது.

பாதுஷா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அண்ணாச்சி, சுத்தி வளைச்சுக்கிட்டு எதுக்கு? ஒண்ணு சொல்லுதேன். இந்த வருசம் சாப்பாட்டை ஓட்டல்ல வச்சிருவோம். வெள்ளி விழான்னு எல்லாருக்குமாச் சேத்து."

கோமதிநாயகம் பேனாவைக் கழற்றி, நிப்பைப் பார்த்து, மறுபடி மூடினார். ஆலைக்குள் பஞ்சு அரவை ஓடிக்கொண்டிருந்தது. தங்கப்பழம் எந்தத் தெரு என்று அந்த அறையில் பதினாறு வருடமாக ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள். கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அம்பலவாணன் சுவரைப் பார்த்தபடி பேசினார். குரலில் கடுமை இல்லை. கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல பாதுஷா. மெட்ராஸ் போனா நான் யாரு கூடயும் உக்காந்து சாப்பிடுதவன்தான். அம்மாவுக்கு எண்பத்திரண்டு. இருபத்தஞ்சாவது இலைக்கும் தன் கையால பரிமாறணும்னு சொல்லிக்கிட்டிருக்கா. அடுத்த வருசம் இருப்பாளோ என்னமோ."

அடுத்த வருடம் இல்லாமல் போகிறவர் இன்னொருவரும் அந்த அறையில் இருந்தார். அவர் புத்தகத்தை மூடி, "இன்னும் எதும் வாசிக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வேண்டாம் வாத்தியாரே. லைன்ல நில்லும். உம்ம மாதிரி லைன் பாக்க ஜில்லாவுலயே ஆள் கிடையாது" என்றார் கோமதிநாயகம். பிறகு குறிப்பேட்டில், நடுநிலையைப் பேணும் பொருட்டுத் திரு. தங்கப்பழம் அவர்கள் தாமாகவே முன்வந்து விலகிக்கொண்டார் என்று அழகான கையெழுத்தில் எழுதி, கையொப்பத்துக்கு நீட்டினார். தங்கப்பழம் போட்டார். தேதியும் போட்டார்.

வீட்டுக்குப் போய் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூமாரியும் கேட்கவில்லை. சட்டையைத் தேய்த்து மடித்து வைத்தாகிவிட்டது. கேட்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. புளியங்குடியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பஸ்களில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்களுக்கென்று கயிறு கட்டியிருந்த பக்கத்தில் பூமாரி முன்வரிசையில் இடம்பிடித்திருந்தாள். தங்கப்பழம் கறுப்புச் சட்டையோடு மைதானத்துக்குள் இறங்கியபோது, பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டிக் காட்டினாள். அவர் நேராக நடந்துவந்து, கொடியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் இருந்த ஓரக் கோட்டில் நின்றார். காட்டிய கையை அவள் மெதுவாக மடிக்குக் கொண்டுபோனாள்.

மேடையில் வெள்ளி விழாவுக்கென்றே ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். அம்பலவாணன் ஆசாரியிடம் சொல்லி வெள்ளியில் ஒரு விசில் செய்வித்திருந்தார். மயில் செதுக்கி, அடியில் தகப்பனார் பெயர் பொறித்து, கோமதியம்மன் சன்னதியில் வைத்து எடுத்தது. தட்டில் வெற்றிலை பாக்கு நடுவே அதை வைத்து, பொன்னாடை போர்த்தி, சங்கரராமன் கழுத்தில் மாட்டினார். நாதஸ்வரம் வாசித்தார்கள். போட்டோ பிடித்தார்கள்.

சங்கரராமன் நடுவட்டத்துக்கு வந்து, வாட்சைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதினார்.

புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது.

மறுபடி ஊதினார். மயிலின் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் எச்சில் வந்தது. ஆசாரி விசிலை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்; உள்ளே குண்டு வைக்கவில்லை, காற்று திரும்புகிற வழியும் வைக்கவில்லை. மூன்று வாரமாக அந்த விசில் பட்டறையிலும், பூஜையிலும், அம்பலவாணன் வீட்டு இரும்புப் பெட்டியிலும் இருந்தது. ஒருவர்கூட ஊதிப் பார்க்கவில்லை. அம்மனுக்கு வைக்கிற பொருளை யார் எச்சில் பண்ணுவார்கள்?

கூட்டத்தில் ஒருவன், "ஐயரே, அடுப்பா ஊதுதீரு?" என்று கத்தினான்.

கோமதிநாயகம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரக் கோட்டுக்கு ஓடிவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைதானத்தைப் பார்த்து ஓடினார். "வாத்தியாரே, வேற யாருகிட்டயும் விசில் இல்ல, உம்ம விசிலைக் கழட்டும். சீக்கிரம்."

தங்கப்பழம் கழுத்தில் கைவைத்தார். வழக்கத்தினால் மாட்டியிருந்தார், லைனில் நிற்கிறவருக்கு விசில் தேவையில்லை. கயிற்றைத் தலைவழியாக எடுத்து, ஒரு முறை உதறிவிட்டுக் கொடுத்தார்.

சங்கரராமன் அதைக் கையால் வாங்கவில்லை. கைக்குட்டையை விரித்து வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்வைக்கும் இடத்தில் பதினாறு வருடப் பல் அடையாளம் இருந்தது. செயலாளரிடம் குனிந்து ஏதோ சொன்னார். செயலாளர் சாமியானாவைப் பார்த்து, "ஏலே, ஒரு சோடா கொண்டாங்க" என்றார். சோடா விருந்தினர்களோடு தீர்ந்துபோயிருந்தது. குடிக்கிற ஆரஞ்சுக் கலர் ஒரு பாட்டில் வந்தது.

இத்தனை ஆயிரம் பேர் பார்க்க, சங்கரராமன் விசிலின் மேல் கலரை ஊற்றினார். உள்ளே ஊற்றிக் குலுக்கினார். வடித்தார். மறுபடி ஊற்றினார்.

கோட்டுக்கு வெளியே நின்ற பாதுஷாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன வே இது, தக்கை ஊறிரும்லா? சொல்லும் வே அவருகிட்ட."

தங்கப்பழம் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். பூமாரி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

"கழுவட்டும் அண்ணாச்சி" என்றார். "நல்லா கழுவட்டும்."

சங்கரராமன் பாட்டில் காலியாகும்வரை மூன்று தடவை கழுவி, பொன்னாடையின் நுனியால் துடைத்து, வாயில் வைத்து ஊதினார். இரண்டாம் தடவையும் ஊதினார். உதட்டில் ஆரஞ்சுக் கறை படிந்தது.

வெள்ளி விழா ஆண்டின் இறுதிப் போட்டி, நடுவர் இரண்டு கையையும் தட்டி "ம், ஆடுங்க" என்று சொன்னதில் தொடங்கியது.