அறுபட்ட விட்டம்

வில்ஃப்ரெட் பாகட் ஆறடி மூன்றங்குலம். அவர் வாங்கிய வீட்டு மாடியில், சுவருக்குச் சுவர் ஓடிய விட்டமோ ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. சஃபோக் என்ற ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் நானூறு வருஷமாக நிற்கும் ஓக் மரச்சட்ட வீடு அது. குடிவந்த ஆறு மாதத்தில் நெற்றி ஆறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஹெட்டி சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில், ரம்பத்தை எடுத்து விட்டத்தின் நடுவில் நாலடியை அறுத்து எறிந்துவிட்டார்.

"இனிமே மனுஷன் மாதிரி நிமிர்ந்து நடக்கலாம்!" என்றார். ஹெட்டிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செவ்வாயன்று படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை. புதனன்று சுவருக்கும் கூரைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. வெள்ளிக்குள் அது இரண்டு விரலானது. சுவரின் காய்ந்த களிமண் தேநீரில் உதிர்ந்தது. யாரோ பல்லைக் கடிப்பது போல மாடியில் ஒரு சத்தம், விட்டு விட்டு.

"பழைய வீடுன்னா முனகத்தான் செய்யும். நீயும்தான் முனகுறே, உன்னை என்ன செய்ய முடியுது?" என்றார் வில்ஃப்ரெட்.

ஹெட்டி சிரிக்கவில்லை. சர்ச் கூரையைப் பழுதுபார்த்த தச்சர் கோய்மரை அழைத்தாள். சனிக்கிழமை காலையில் வந்தவர், தெருவில் நின்றே முன்சுவரின் வயிறு பிதுங்கியிருப்பதைப் பார்த்தார். மாடிக்குப் போய் வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"கூரை ரெண்டு சுவரையும் எப்பவும் வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும்மா. பிரியவிடாம இழுத்துப் பிடிச்சிருந்தது அந்த விட்டம்தான்."

"அப்போ ஒரு வாரமா எப்படி நிக்குது?"

"மூலையில நாலு மர ஆணி தாங்குது. ரெண்டு ஒடிஞ்சாச்சு. முட்டுக் கொடுக்க மரம் எடுத்துட்டு ஓடி வர்றேன். அதுவரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது."

வில்ஃப்ரெட் மாடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். "வேலை பிடிக்கப் பயமுறுத்துறான். நான் வரமாட்டேன், போ!"

ஹெட்டி தோட்டத்திலிருந்து கெஞ்சினாள், திட்டினாள். அப்போது மேலே துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மூன்றாவது ஆணி.

ஜன்னலில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தவர், "கேட்டியா, எனக்கு மரியாதைக் குண்டு போடுது!" என்று சிரித்தார்.

அவருக்கு மேல், கூரையின் முகடு லேசாக வளைந்திருந்தது. அதை அவள் மட்டுமே பார்த்தாள். தோட்டத்து மூலையில் இருந்த புறாக்கூண்டுக்கு ஓடினாள். அடுத்த வாரப் பந்தயத்துக்கு அவர் கண்ணாக வளர்த்த இருபத்திரண்டு புறாக்கள். கதவைத் திறந்து, கூண்டை ஓங்கித் தட்டினாள். புறாக்கள் படபடவென்று வெளியே பறந்தன.

"அடிப்பாவி!" என்று ஜன்னலிலிருந்து அலறினார் வில்ஃப்ரெட்.

படிகளில் தடதடவென்ற சத்தம். வெறுங்காலோடு பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "உனக்குப் பைத்தியமா?"

அவர் தோளுக்குப் பின்னால் முகடு மெதுவாக உட்கார்ந்தது. முதலில் சத்தமே இல்லை. தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மேல்மாடி அப்படியே முன்னால் குனிந்தது. பிறகுதான் மரம் கிழியும் ஓசை. நல்லவேளை, தெருவில் ஆளில்லை. புழுதி அடங்கியபோது புகைபோக்கி மட்டும் நின்றது.

மரங்களை ஏற்றி வந்த கோய்மரின் லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

வில்ஃப்ரெட் புல்லில் உட்கார்ந்திருந்தார். பாதி மழித்த முகத்தில் நுரை காய்ந்திருந்தது. "கூண்டைத் திறக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றார்.

"நான் கூப்பிட்டா நீ வரமாட்டே. எனக்குத் தெரியும்."

அவர் தலை நிமிரவில்லை. ஹெட்டி அவருக்கு ஒரு கோட்டு கேட்டு வாங்கிவர அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.