துக்கத்துக்கு வந்த விறகு

"விறகை எங்கம்மா இறக்கட்டும்?" என்று டிராக்டர் டிரைவர் கேட்டபோது, இறந்த கணவரைக் குளிப்பாட்டுவதற்காக நிலத்தடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள் சுகணி. வாளி பாதிக் கயிற்றில் நின்றது. முற்றத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரெய்லர் நிறைய விறகு. சைவ வீட்டுக் கல்யாணத்துக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல, ஒரு பிஷ்னோய் வீட்டுச் சாவுக்கு விறகு அனுப்பியிருக்கிறார்கள்.

"யாருய்யா அனுப்புனது?" என்று கேட்டாள் பாரு. சுகணியின் மூத்தார் கங்காராமின் மனைவி. சாவு வீடோ கல்யாண வீடோ, முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும்.

"சோலார் கம்பெனிலேர்ந்துக்கா. புது மேனேஜர் பட்நாகர் சாப்தான் சொன்னாரு. இந்தப் பாலைவனத்துல பொணத்த எரிக்க விறகுக்கு எங்க போவாங்க, பாவம், நம்ம குடோன் பின்னால சும்மா கெடக்கறதுல ஒரு லோடு கொண்டுபோய்க் குடுன்னாரு."

"நாங்க எரிக்கிறதில்ல, பொதைக்கிறவங்கன்னு உங்க சாப்புக்கு யாரும் சொல்லலியா?"

"எனக்குத் தெரியும்கா. என்னை யாரு கேட்டா? ஏத்துன்னாங்க, ஏத்துனேன்."

செத்த உடம்புக்காக உயிருள்ள மரத்தை வெட்டக்கூடாது என்பதற்காகவே மண்ணுக்குள் போகிற சனம் அது. அடுப்புக்குக்கூடத் தானாக விழுந்த சுள்ளியைத்தான் எடுப்பார்கள்; அதிலும் பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்கள். யாரோ ஒருத்தி சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கிக்கொண்டாள்.

சுகணிக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு டிரெய்லர் பக்கம் போனாள். வன்னி மரம். அடிமரம், கிளை எல்லாம் துண்டுதுண்டாக. வெட்டுவாய் இன்னும் சரியாகக் காயவில்லை. மேலே கிடந்த ஒரு கவட்டைக் கிளையைத் தொட்டாள். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அடுத்த கிளையிலும் அப்படித்தான். கவட்டையின் இடுக்கில் பின்னிக்கிடந்த சுள்ளிகளுக்குள் பஞ்சுபோல இரண்டு இறகு.

பாறு எச்சம். வருஷக்கணக்காக ஒரே மரத்தில் கூடு கட்டிய பிணந்தின்னிக் கழுகுகள் மட்டுமே அப்படி வெள்ளை அடிக்கும்.

இந்த வெள்ளைக்காகத்தான் உள்ளே கிடக்கிற மனுஷர் அலைந்தார். கோயில் காட்டை ஒட்டிய நிலத்தைக் கம்பெனி எடுத்தபோது, கூடு இருக்கிற மரத்தைத் தொடக்கூடாது, சுற்றிலும் இடம் விடவேண்டும் என்பதுதான் அனுமதியில் போட்ட நிபந்தனை. ஓர் இரவில் மரங்களைக் காணோம். அப்படி மரமே அங்கே இருந்ததில்லை என்றது கம்பெனி. "வெட்டுனாங்கன்னா வெட்டுன மரம் எங்கே? கொண்டாந்து காட்டு, எழுதிக்கறேன்" என்றார் வன அதிகாரி. அடிக்கட்டையைக்கூடத் தோண்டியெடுத்து மண்ணை நிரவிவிட்டிருந்தார்கள். எதைக் காட்டுவது? பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். மறுபடி போவார். இன்று காலையும் வன ஆபீசுக்குப் போவதற்காகத்தான் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு டீக்கு உட்கார்ந்தார். டீ ஆறிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

காட்டுக்கு வடக்கே கூடு உள்ள மரங்கள் இன்னும் சில நிற்கின்றன. குஞ்சு பொரித்திருக்கிற காலம். இன்றைக்கோ நாளைக்கோ, ஏதாவது ஓர் இரவில் அவையும் போய்விடும். சுகணிக்குக் கோபம் கிளம்பியது. அழுகையைவிட அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"அபசகுனம். முதல்ல வண்டியத் திருப்பி அனுப்புங்க" என்றார் கங்காராம்.

மூத்தாரிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. சுகணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாருவிடம் சொன்னாள்: "வண்டி இங்கதான் நிக்கும்னு உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்கக்கா."

ஒரு கை தூரத்தில்தான் நின்றார். காதிலும் விழுந்துவிட்டது. ஆனாலும் பாரு திரும்பி, "வண்டி இங்கதான் நிக்குமாம்" என்றாள்.

"தம்பி பொணம் உள்ள கெடக்குது, இப்ப என்ன வழக்குன்னு கேளு."

"என்ன வழக்குன்னு கேக்கறாரு."

"உங்க தம்பி தேடுன மரம் வீடு தேடி வந்திருக்கு. அனுப்பிட்டா அப்புறம் கெடைக்குமான்னு கேளுங்க."

இதைப் பாரு திருப்பிச் சொல்லவில்லை. கங்காராம் கிளையைப் பார்த்தார். வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். டிரைவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நானும் மண்ணு போட வர்றேன், நல்ல மனுஷன்" என்று ஆண்களோடு போய் நின்றான்.

மகன் ராம்நிவாஸ் சுவரோரம் நின்றான். கம்பெனி கேட்டில் காவல் வேலை.

"டேய், அந்த வன ஆபீசருக்குப் போனைப் போடு. வந்து பாக்கச் சொல்லு."

அவன் போனைக் கையில் எடுத்தான். போடவில்லை. விறகின் பக்கமும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆச்சரியமாகப் பார்க்கிற ஒன்றை அவன் மட்டும் பார்க்காமல் நின்றது அவளை என்னவோ செய்தது.

"உனக்குத் தெரியுமாடா?"

அவன் தலை தொங்கியது.

"அப்பா இத்தன நாளா நாயா அலைஞ்சாரேடா."

"ராத்திரி டியூட்டிம்மா. மரம் வெட்ட வண்டி வந்துச்சு. கேட்டைத் தொறந்து விடுன்னாங்க. தொறந்தேன்."

வேறு நாளாயிருந்தால் அந்த இடத்திலேயே அவனை அறைந்திருப்பாள். இன்று அவனை அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. "அப்பாவத் தூக்கு. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, பாடை இல்லாமல் தோளிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். வெள்ளைத் தலைப்பாகைகள் வயலுக்கு அப்பால் மறையும்வரை சுகணி நின்றாள். பிறகு, மூலையில் போய் உட்காரவேண்டியவள், டிரெய்லர் சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள்.

"அடியே, என்னடி பண்றே? துக்கக்காரி மூலையில உக்காரணும்டி!"

"எங்க உக்காந்தா என்னக்கா? மூணு நாளு எந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதானே." பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அந்தக் கவட்டைக் கிளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி ஜீப் வந்தது. பட்நாகர் இறங்கினார். பின்னாலேயே நாலு ஆட்கள். கைகூப்பினார், மனுஷருக்கு முகத்தில் உண்மையான வருத்தமும் இருந்தது, அவசரமும் இருந்தது.

"அம்மா, மன்னிக்கணும். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது, இப்பத்தான் ஆளுங்க சொன்னாங்க. தப்பாயிடுச்சு. வண்டியை எடுத்துட்டுப் போயிடறோம்."

"வேண்டாம் சாப். துக்கத்துக்கு வந்ததத் திருப்பிக் குடுக்கறதும் எங்க வழக்கமில்ல."

"அது வெறும் விறகும்மா."

"வெறும் விறகுக்கா நாலு ஆளோட வந்தீங்க?"

பாருவின் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கனைப்பு வந்தது. பட்நாகர் கைகளைக் கீழே விட்டார்.

"உங்க பையன் எங்ககிட்டதான் வேலை பாக்கறான். அது ஞாபகம் இருக்கட்டும்."

"மறந்தாத்தானே சாப்? அவன் தொறந்த கேட்டு வழியாத்தான இத வெட்டப் போனாங்க."

அவர் ஆட்களைப் பார்த்துக் கண் காட்டினார். மூன்று பேர் ஓரடி முன்னால் வந்தார்கள். நாலாவது ஆள் பக்கத்து ஊர்க்காரன், கையைக் கட்டிக்கொண்டு, "எழவு வீட்ல பொம்பள மேல கை வைக்க என்னால ஆகாது சாப். வேற யாரையாச்சும் சொல்லுங்க" என்றான்.

அதற்குள் பாரு சக்கரத்தில் கால் வைத்துவிட்டாள். கனத்த உடம்பு; பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளவேண்டியிருந்தது. "துக்கம் கேக்க வந்தவ பக்கத்துல உக்காராம எங்க போறது?" என்று மூச்சு வாங்கினாள். அடுத்தவள் ஏறினாள். அதற்கடுத்தவளும். இடம் போதாமல் இரண்டு பேர் என்ஜின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மேலே ஏறிய தைரியமோ என்னவோ, நின்றுபோயிருந்த ஒப்பாரியை யாரோ மறுபடி எடுத்தார்கள். இந்தமுறை பாட்டில் பட்நாகரும் இருந்தார். அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு அரைகுறை. ஆட்கள் சிரிப்பை அடக்குவதிலிருந்து புரிந்துகொண்டிருப்பார்.

ஆண்கள் திரும்பி வந்தபோது பின்னால் வனத்துறை ஜீப்பும் வந்தது. ராம்நிவாஸின் கையெல்லாம் மண். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அவன் நேராக டிரெய்லருக்கு வந்தான்.

"குழியில எறக்கிட்டு, மொகத்துத் துணிய வெலக்கி, 'இதுதான் உங்க வீடு'ன்னு என்னைச் சொல்லச் சொன்னாங்கம்மா. வாய் வரல. மேல ஏறிவந்து ஆபீசருக்குப் போன் பண்ணேன். கேட்டைத் தொறந்தது நான்தான்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் எறங்கிப்போய் அப்பாகிட்ட அந்த வார்த்தையச் சொன்னேன்."

சுகணி அவனையே பார்த்தாள். தலைமேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடக் குனிந்தாள், எட்டவில்லை.

"நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றார் பட்நாகர்.

"நாளைக்கு எப்படி சாப் வர்றது? எங்களுக்குத் துக்கம்" என்றான் அவன்.

வன அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தில் கால் வைத்தார். சாவு வீட்டு மரியாதை அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் நெருங்கி உட்கார்ந்து வழிவிட்டார்கள்.

"உக்காருங்க சாப்" என்றாள் சுகணி. "மரத்தக் கொண்டா, மரத்தக் கொண்டான்னு அந்த மனுஷன அலையவிட்டீங்களே. நீங்க உக்காந்திருக்கறது அதும்மேலதான்."

அவர் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தார். வெள்ளைத் திட்டைத் தடவினார். இடுக்கிலிருந்து இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போனை எடுத்து, வடக்குப் பக்கம் நிற்கும் மரங்களுக்கு இப்போதே காவல் போடச் சொன்னார். கம்பெனி வண்டி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்றார். பட்நாகர் தன் ஜீப்புக்குப் போய், உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ பேச ஆரம்பித்தார்.

அதிகாரி மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டார். "புகார் யார் பேர்ல?"

"என் பேர்ல எழுதுங்க" என்று கங்காராம் முன்னால் வந்தார்.

"மன்பூல்" என்றாள் சுகணி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர். பாரு சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். கங்காராம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இறந்துபோனவர் பேர்ல எப்படிம்மா..."

"உயிரோட இருக்கும்போது குடுத்த புகார்தானே? நீங்கதான் எழுதல. இப்ப எழுதுங்க. மன்பூல்."

இரண்டாம் முறை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். கீழேயிருந்து யாரோ டீ டம்ளரை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.