குங்குமம் கலையாத ஸ்பேனர்

எனக்கு முன்கோபம் ஜாஸ்திங்க. சேந்தமங்கலத்துல மெக்கானிக் குழந்தைவேலுன்னு கேட்டுப் பாருங்க. கைராசிக்காரன்னு மொதல்ல சொல்லுவாங்க, வாய்தான் சரியில்லைன்னு அடுத்தாப்புல சொல்லுவாங்க.

போன வெள்ளிக்கிழமை என்ற தங்கச்சி சரிதா காருல, பேட்டரிக்குக் கரண்டு குடுக்கற ஆல்டர்நேட்டரைக் கழட்டி மாட்டி, அதைச் சுத்த வைக்கற பெல்ட்டும் புதுசாப் போட்டேன். பழைய டீசல் வண்டி. மக அபிநயாவைக் கூட்டிக்கிட்டு கொல்லிமலைக்கு, நாத்தனார் ஊட்டு விசேஷத்துக்கு அவ போகோணும். பத்தரைக்கு ராகு காலம். வேலை முடிஞ்ச வண்டிக்குச் சூடம் காட்டாம நான் வெளிய உடமாட்டேன். அவசர அவசரமா ஸ்பேனரையெல்லாம் தட்டுல வெச்சு, பொட்டு வெச்சு, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சேன். "எல்லாம் முறுக்கியாச்சாண்ணா?"ன்னு கேட்டா. "அதெல்லாம் ஆச்சு, நேரமாவுது கெளம்பு புள்ள"ன்னு தொரத்தி உட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் பண்ணுனா. "அண்ணா, மலை ஏறுனதுல இருந்து பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்துது. லைட்டைப் போட்டா இன்னும் ஜாஸ்தியாக் கத்துது. இப்ப எறங்கப் போறோம். ஏதாச்சும் பாக்கோணுமா?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ. "புது பெல்ட்டு ரெண்டு நாளைக்குக் கத்தத்தான் செய்யும்! நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா? வையி போனை!"

அவ வெச்சுட்டா. நானும் பூசைத் தட்டைக் கழுவலாம்னு எடுத்தேன்.

தட்டுல பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் கெடந்துச்சு. காத்தால வெச்ச குங்குமப் பொட்டு கலையாம அப்படியே இருந்துச்சு. பெல்ட்டை இழுத்து நிறுத்தற போல்ட்டுக்கு அந்த ஸ்பேனர்தான். சூடம் காட்டிட்டு முறுக்கிக்கலாம்னு கையால திருகி உட்டிருந்தேன். அப்புறம் அந்த ஸ்பேனரை நான் தொடவே இல்லை.

பெல்ட்டு லொடலொடன்னு இருந்தா லைட்டுப் போடறப்பத்தான் ஜாஸ்தியாக் கத்தும். அவ வெவரமாச் சொன்னா, என்ற காதுதான் அடைச்சிருந்துச்சு. அந்த வண்டியில பிரேக்கை லேசாக்கிக் குடுக்கற பம்ப்பு ஆல்டர்நேட்டரோட முதுகுலதான் இருக்குது. பெல்ட்டு கழண்டு உழுந்துச்சுன்னா ரெண்டு மூணு மிதிதான், அப்புறம் பிரேக்கு கல்லாயிரும். எறங்கறது எழுபது கொண்டை ஊசி வளைவு.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால்னு வந்துச்சு. பத்துத் தடவை போட்டேன், அதேதான். ஸ்பேனரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு பைக்கை எடுத்தேன்.

அடிவாரத்துல காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பிச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் வேகத்தைக் கொறைச்சு ரோட்டோரச் சுவத்துக்கு அந்தாண்ட பள்ளத்துல எட்டிப் பார்த்தேன். கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், கடவுளேன்னு இருந்துச்சு. மேலயிருந்து ஒரு சத்தமும் வரலை. சத்தம் இல்லைன்னா பெல்ட்டு போயிருச்சுன்னு தானே அர்த்தம்? முப்பத்தெட்டாவது வளைவுல சுவரு இடிஞ்சு கெடந்துச்சு. பைக்கை அப்படியே சாச்சுட்டு ஓடிப் பார்த்தேன். பழைய இடிசல்தான், புல்லு மொளைச்சிருந்துச்சு. அங்கயே குத்த வெச்சு உக்காந்து அழுதுட்டேங்க.

அப்ப ஹாரன் அடிச்சுக்கிட்டு ஒரு பஸ்சு எறங்குச்சு. ஜன்னல்ல ஒரு தலை. "மாமா!"

அபிநயா! குறுக்க போய் நின்னுட்டேன். டிரைவர் கண்டபடி திட்டுனாரு, ஒண்ணும் காதுல ஏறலை. சரிதா எறங்கி வந்தா.

"வண்டி எங்க புள்ள?"

"நாத்தனார் ஊட்டுலயே நிக்குது."

"நான்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனே?"

"சொன்னியா? கத்துனே. உன்ற வேலை சுத்தமா இருந்தா, ஓரமா நிறுத்து, பானெட்டைத் தொற, எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னு பொறுமையாக் கேப்பே. தப்பு உன்ற மேல இருந்தாத்தான் இப்படிக் கத்துவே. சின்னதுல இருந்து பாக்கறேன்ல?"

அபிநயா ஜன்னல்ல இருந்து என்ற சட்டைப் பையைக் காட்டி, "மாமா, ரத்தம்!"னுச்சு. குனிஞ்சு பார்த்தேன். குங்குமம்.

"ஒண்ணும் இல்லை சாமி. நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் மேல போய் ஒரு போல்ட்டை முறுக்கிட்டு வாரேன்"னேன். அது நல்ல நேரமா கெட்ட நேரமான்னு அன்னிக்கு நான் பார்க்கலைங்க.