கழற்றாத மாலை

காசிலிங்கம் என்று கேட்டால் திருநெல்வேலி டவுண் கீழ ரதவீதியில் யோசிப்பார்கள். தண்ணிவண்டி என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கை காட்டும். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் ஆள். கடை அடைத்தால் நேரே ஒயின்ஷாப். அப்படிப்பட்டவன் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டான். மறுநாளே ஊருக்கு நாக்கு மாறிவிட்டது. "டீ குடிங்க சாமி." "வழி விடுங்கலே, சாமி வருது." தெருக்காரன் ஞானசிகாமணி, இத்தனை வருஷமாக வாயில் ஊற்றிவிடாத குறையாகக் குடிக்க வைத்த மகராசன், அவனைக் கண்டதும் பாட்டிலை வேட்டி மடிப்புக்குள் ஒளித்தான். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்களா, சாமியாயிற்றே.

மலைக்குப் போய்த் திரும்பியும் காசிலிங்கம் மாலையைக் கழற்றவில்லை. அடுத்த மாதம் நடை திறந்ததும் இன்னொரு தடவை போகிறேன் என்றான். தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் தார் ரோட்டில் துள்ளித் துள்ளி நடந்தான். வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்தே கிடந்தது.

"சாமிக்குத் திரும்ப மனுஷனா ஆவுத எண்ணமே இல்லியோ? வீட்டுல மீன் வாங்கி நாலு மாசமாச்சு," என்றாள் மனைவி ஆவுடையம்மாள், கறுப்பு வேட்டியைத் துவைத்தபடி.

காசிலிங்கம் உண்மையைச் சொல்லிவிட்டான். "மாலையக் கழத்துனா பழையபடி தண்ணிவண்டின்னு கூப்புடுவானுவ. கூப்புட்டா போயிருவனோன்னு பயமா இருக்கு."

அவள் அதற்கப்புறம் மீனைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரமே பெரியப்பா தவறிப்போனார். தீட்டு வந்தால் மாலை கழுத்தில் இருக்கக்கூடாது; மாலை போட்டுவிட்ட குருசாமியே கழற்றி வைத்துவிட்டார். பெரியப்பாவுக்காக அழுதவர்கள் நடுவில் காசிலிங்கம் மாலைக்கும் சேர்த்து அழுதான். யாருக்குத் தெரியப்போகிறது.

கருப்பந்துறையில் தகனம் முடிந்து ஆற்றில் முங்கி எழுந்தபோது ஞானசிகாமணி பேப்பர் கப்போடு நின்றான்.

"சாமி மலையேறிட்டு. பிடிலே, தண்ணிவண்டி."

கூட்டாளிகள் சிரித்தார்கள். காசிலிங்கத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. வெறுங்கழுத்து. அந்தக் கை அடுத்தபடியாகக் கப்புக்குத்தான் போகும் என்று அவனுக்கே தோன்றியது.

"வேண்டாம்," என்றான்.

"இப்ப என்ன விரதம்லே?"

"விரதம்லாம் இல்ல. ஒரு மடக்கு உள்ள போனா என்னால நிறுத்த முடியாது. அது ஒரு சீக்குலே. நீ ஊத்தித் தந்தா நான் செத்துருவேன்."

சிரித்தவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். இப்படிப் பேசுகிறவனை என்ன சொல்லிக் கேலி செய்வது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. ஞானசிகாமணி கப்பில் இருந்ததை மணலில் ஊற்றினான். அவன் ஆயுசில் அப்படியொரு காரியம் செய்ததே கிடையாது.

"அப்பம் உன்ன இனிம என்னன்னுலே கூப்புட?"

"எங்கய்யா ஒரு பேரு வச்சிருக்காரு. யாரும் புழங்கல."

காசிலிங்கம் ஈர வேட்டியோடு படியேறினான்.

"காசிலிங்கம்," என்றான் ஞானசிகாமணி கடைசியில், புது ஆளிடம் பேசுகிறவன்போல. "படியெல்லாம் பாசியாக் கிடக்கு. பையப் போ."