புகையிலை நேரம்

ரெங்கம்மாள் பேசுவது இப்போது எனக்கு மட்டும்தான் புரிகிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கன்னத்தையும் தாடை எலும்பில் பாதியையும் எடுத்துவிட்டார்கள். நெஞ்சிலிருந்து சதை எடுத்து அந்தக் குழியை அடைத்தார்கள். புண் ஆறியதும் கதிர்வீச்சு கொடுத்தார்கள்; கரண்டு வைப்பது என்போம் நாங்கள். நாக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்து கேட்பவர்களுக்குக்கூட அவள் பேச்சு வெறும் சத்தம்தான். நான் அவளைக் கட்டிய நாளிலிருந்து திட்டு வாங்கியே பழகியவன். அதனால் பாதி வார்த்தையிலேயே மீதியைப் பிடித்துவிடுவேன்.

இந்த நோய் வேறு யாருக்கு வந்திருந்தாலும் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர் நடவுப் பெண்களுக்கெல்லாம் வாயாக இருந்தவளே ரெங்கம்தான். அந்தக் காலத்தில் நடவு வயலில் இறங்கினால் மத்தியானக் கஞ்சி வரைக்கும் குனிந்த முதுகு குனிந்தபடிதான் இருக்கவேண்டும். மிராசுதாரின் காரியக்காரர் குடையோடு கரையில் நிற்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எவளாவது நிமிர்ந்தால் அரைக் கூலி போயிற்று. கொடி பிடித்தோம், அடி வாங்கினோம், சிலபேர் ஜெயிலுக்கும் போனோம். கழக ஆட்சி வந்த பிறகு ஒருநாள் இரண்டு தரப்பையும் தாலுக்கா ஆபீசில் உட்காரவைத்துப் பேசினார்கள். ஆம்பிளைகள் நாங்கள் கூலி நெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ரெங்கம் எழுந்து நின்று, பொம்பளைகளுக்கு வெயில் ஏறியதும் ஒருமுறை கரையேறி வெற்றிலை புகையிலை போட்டுக்கொள்ள நேரம் வேண்டும் என்றாள்.

ஓய்வு என்று கேட்டிருந்தால் மிராசுதார் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். வெற்றிலை பாக்கை மறுத்தால் அது அவருக்கே மரியாதைக் குறைச்சல். அது தெரிந்துதான் அவள் அப்படிக் கேட்டாள். அவரும் பெரிய மனுஷத்தனமாக, புகையிலையை நானே தருகிறேன் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பெண்களெல்லாம் ரெங்கத்தைக் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். நானும் மார்தட்டிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் புகையிலை நேரம் என்றே பேராகிவிட்டது. நடவுக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு நாற்று முடியை அவிழ்க்கக் காட்டிக்கொடுக்கும் முன்பே புகையிலையைக் கன்னத்தில் அதக்கக் காட்டிக்கொடுத்தார்கள். போட்டால் பசி தெரியாது, இடுப்பு வலியும் தெரியாது. எங்கள் மகள் அம்சமும் அப்படிப் பழகியவள்தான். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, தாயோடு ஒரே வரிசையில் நின்று நட்டாள்.

ரெங்கத்துக்குக் கன்னத்தில் புண் வந்தபோது, பல் குத்தியிருக்கும் என்று அதன்மேலேயே புகையிலையை வைத்து அழுத்திக்கொண்டாள். மரத்துப்போகுமாம். வாய் திறக்கமுடியாமல் போன பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனோம். புகையிலையால் வந்த புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். துணைக்கு இருந்த அம்சத்தையும் விடாமல் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. இன்றைக்கே புகையிலையை விட்டால் அது அடங்கக்கூடும், அடங்காவிட்டாலும் சின்னதாக வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் தள்ளிப்போட்டால் அம்மா கதைதான் என்றார். அம்சம் அங்கேயே சுருக்குப்பையிலிருந்த புகையிலையைக் கொட்டிவிட்டாள்.

கரண்டு வைத்து முடிந்து கொஞ்ச நாளில் ரெங்கத்தின் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இந்தத் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அவள் கேட்டதைச் செய்துகொடுங்கள் என்றார். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, அம்சம் புகையிலையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்து, நடவு அவசர அவசரமாக நடந்தது. அம்சத்தைப் பார்த்து இன்னும் நாலைந்து பெண்களும் புகையிலையை விட்டிருந்தார்கள். அவர்களும் மற்றவர்களோடு கரையேறினார்கள். காரியக்காரர் கோவிந்தராசு புகையிலை டப்பாவை நீட்டிக்கொண்டே வந்தார். வேண்டாம் என்றவர்களை வயலுக்குத் திரும்பச் சொன்னார். இது புகையிலை போடுகிற நேரம், போடாதவர்களுக்குக் கரையில் என்ன வேலை என்று கேட்டார். ஒப்பந்தப்படி அவர் சொன்னது சரிதான். எங்கள் ரெங்கம் சாமர்த்தியமாகக் கேட்ட வார்த்தையையே பிடித்துக்கொண்டு பேசினார். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள்களிடம் ஓடினேன். நடவு முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

விட்டவர்கள் ஒவ்வொருத்தியாக மறுபடி கையை நீட்டினார்கள். வாங்கி மடியில் முடிந்துகொள், போட்டதுபோல் பாவனை செய் என்று அம்சத்திடம் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஆள் கன்னத்தைப் பார்க்கிறாராம். வேலைக்கே போகாதே என்று சொல்ல நான் என்ன பண்ணையா வைத்திருக்கிறேன்? ஒரு சாயங்காலம் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் ரெங்கத்துக்கு வாசனை தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்சமும் அழுதாள். பிள்ளை பெற்ற இடுப்பு, குனிந்தே கிடக்க முடியவில்லை என்றாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

மறுநாள் காலையில், என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ரெங்கம் ஒரே பிடிவாதம். மூக்கில் கஞ்சிக் குழாயோடு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புகையிலை நேரம், எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். ரெங்கம் பேசத் தொடங்கினாள். நான் கூடவே எடுத்துச் சொன்னேன். புகையிலை வேண்டாம், எல்லாரும் துப்பிவிட்டு இப்படியே கரையில் உட்காருங்கள், எத்தனைபேரை வேலையைவிட்டு நிறுத்துவார்கள் பார்ப்போம் என்றாள்.

பூவம்மாள் எழுந்து வந்தாள். கொடி பிடித்த காலத்தில் ரெங்கத்தோடு ஒரே போலீஸ் வேனில் போனவள்.

"அண்ணே, இதை ரெங்கம் சொல்லுதா, நீங்களா சொல்றீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு அவளைப் பார்த்து, "நீ வாங்கிக் குடுத்தத நீயே பறிச்சிட்டுப் போவாத ரெங்கம். இது போனா திரும்பக் கெடைக்காது" என்றாள்.

ரெங்கம் நேராக அம்சத்திடம் போனாள். மண்ணைத் தின்ற குழந்தையின் வாயில் விரல் விடுவதுபோல் மகளின் கன்னத்துக்குள் விரலை விட்டு, அதக்கியிருந்த புகையிலையைத் தோண்டி எடுத்து வரப்பில் எறிந்தாள். முந்தானை விலகி அவள் முகம் தெரிந்தது. பெண்களில் பாதிப்பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"வெறும் வாயா இருக்குறவங்க எறங்குங்க" என்றார் கோவிந்தராசு.

அம்சம் வாய்க்காலில் குனிந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். திரும்பி வந்து கரையிலேயே உட்கார்ந்தாள்.

"நான் எறங்கலைங்க. எங்கம்மா கேட்டது ஒக்கார நேரம். புகையிலைங்கிறது உங்ககிட்ட சொன்ன சாக்கு."

அவர் சத்தம் போடவில்லை. அவளுக்கு இனி இந்தப் பண்ணையில் வேலை இல்லை என்றார். வேறு யாராவது உட்காருவதாக இருந்தால் அவர்களும் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று மற்றவர்களைப் பார்த்தார். பூவம்மாள் டப்பாவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். நேற்றுத்தான் நடவுக்கு வந்த புதுப் பெண்கள்கூடக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் மகளின் வாய் தப்பித்தது. அதற்கு ரெங்கம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசையாகக் குனிந்து நின்ற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள் என்னிடம். "என்னால முடியல. ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். பூவம்மாளைக் கூப்பிட்டேன், கண்ணாத்தாளைக் கூப்பிட்டேன், பேர் தெரிந்த அத்தனைபேரையும் தொண்டை கட்டுமளவுக்குக் கூப்பிட்டேன். ஒருத்தியும் நிமிரவில்லை.