ஒரு துணுக்கு அப்பம்

பிதாவும் சுதனும் சமமா இல்லையா என்ற கேள்வியில் என் கல்யாணம் நின்றுபோயிற்று. சிரிக்காதீர்கள். அலெக்சாந்திரியாவில் அந்த வருஷம் அதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் மண்டை உடைந்தது.

பேரரசர் எங்கள் பிஷப்பைத் துரத்திவிட்டு, சுதனாகிய இயேசு படைக்கப்பட்டவர்தான் என்று சொல்கிற கட்சிக்குப் பெரிய கோயிலைக் கொடுத்துவிட்டார். சுதனும் கடவுளே என்கிற நாங்கள் வீடுகளுக்குள் ஒளிந்து ஒளிந்து கூடினோம். அடுத்த தெருவில் யார் கூடுகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. யாரிடமும் நேராகக் கேட்கவும் முடியாது. கேட்கப்போய் அவன் வேவுகாரனாக இருந்து தொலைத்தால்?

மாவு ஆலைக்காரி திதிமேயின் ஒரே மகன் ஹோரியோனை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"அவங்க ஆலையில கழுதை ஓட்டுறவன் என்ன பாட்டுப் பாடுறான் தெரியுமாடி? சுதன் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சாம். அந்தக் கட்சிப் பாட்டு."

"அவன் பாடினா கழுதைதானம்மா கேக்குது."

"வாயாடாத. நாளைக்கு உன் புள்ளைக்கு எந்தக் கோயில்ல ஞானஸ்நானம் குடுப்பாங்கன்னு யோசிச்சியா?"

பூசையில் தரும் அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னப் பெட்டியில் வைத்திருப்போம். விடிந்ததும் வேறெதையும் தொடாமல் அதில் ஒரு துணுக்கு வாயில் போட்டுக்கொள்வோம். எதிர்க்கட்சிக் குருவின் கை பட்ட அப்பத்தை உயிரே போனாலும் தொடமாட்டோம். அவர்களும் அப்படித்தான். அம்மா அந்தப் பெட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு விடியற்காலையில் திதிமே வீட்டுக்குப் போய் நின்றாள்.

"சம்பந்தியம்மா, எங்க வீட்டு அப்பம். ஒரு துணுக்கு எடுத்துக்குங்க."

திதிமே கையை நீட்டினாள். பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

"இப்பத்தாம்மா எடுத்துக்கிட்டேன்."

"உங்க பையன்?"

"அவனும்தான்."

பின்னால் நின்ற ஹோரியோன் வாயைத் திறந்தான். திதிமே முறைத்தாள், மூடிக்கொண்டான். அவன் மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அன்றைக்கே சம்பந்தம் முறிந்தது. "தப்பிச்சோம்டி" என்றாள் அம்மா. நான் அவளோடு பேசுவதை விட்டுவிட்டேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் துணிந்து ஊருக்கு வெளியே கல்லறை நிலத்தில் கூடினோம். அப்பம் வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். திதிமே.

"நீங்களா?" என்றாள். "உங்க தம்பி பெரிய கோயில்ல விளக்கேத்துறாரு. உங்க அப்பமும் அங்கேருந்துதான் வந்திருக்கும்னு நெனச்சிட்டேனே."

"அவன் மூஞ்சியிலயே நாங்க முழிக்கிறதில்ல, சம்பந்தியம்மா."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு பேரையும் அங்கேயே ஒரு குழியில் தள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"ஹோரியோன் எங்க?" என்று கேட்டேன்.

திதிமே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் முறிஞ்சதும் நித்திரியா பாலைவனத்துக்குப் போயிட்டாம்மா. துறவியாயிட்டான். போய்க் கூப்பிட்டேன். முகத்தைக்கூடக் காட்டல."

எனக்குப் பிடித்துக்கொள்ள அவள் கை மட்டும்தான் இருந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க இருக்கிற துறவிங்க எந்தக் கட்சின்னு விசாரிச்சீங்களா?"

திதிமே என் கையை விட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கினாள்.